சுக்கான் யாருக்காக

எங்கள் இரண்டு பேர் கயாக் படகின் முன் இருக்கையில் மாமனார் முதன்முதலாக உட்கார்ந்தபோது, சம்பந்தி வீட்டு நாற்காலியில் உட்காருவது போலத்தான் உட்கார்ந்தார். நுனியில், முதுகு சாயாமல். சோமனூரில் விசைத்தறி ஓட்டி ஓய்ந்தவர். பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கவே கூச்சப்படுவார். மாப்பிள்ளையிடம் எதையும் கேட்கக் கூடாது என்பது அவருக்குச் சட்டம். மீன்பிடிக்க வருவதற்கு மட்டும் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஜிலேபி மீனுக்குத் தூண்டில் போடும்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். மாமியார் போன பிறகு அவருக்கு இருந்த ஒரே சிரிப்பு அது.

கயாக் வாங்கும்போதே கடைக்காரர் படகைத் திருப்ப வாலில் சுக்கான் பொருத்தட்டுமா என்று கேட்டார். நாலு வீடியோ பார்த்து மேதாவியாகியிருந்த நான், அதெல்லாம் கடலுக்குத்தான், ஏரியில் பாசி சுற்றிக்கொள்ளும் என்று மறுத்துவிட்டேன். ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் காற்று வந்தது. படகின் மூக்கு காற்றுப் பக்கமே திரும்பியது. பின்னால் இருந்த நான் அதைச் சரிசெய்ய ஒரே பக்கமாகத் துடுப்புப் போட, படகை முன்னால் இழுக்கிற வேலை முழுவதும் மாமனார் தோளில் விழுந்தது.

"கடையில சுக்கான்னு என்னமோ கேட்டாங்கன்னீங்களே, அது இருந்தா உங்களுக்குக் கொஞ்சம் லேசா இருக்குமுங்களா மாப்பிள்ளை?" என்றார் ஒருநாள். 'உங்களுக்கு' என்றுதான் கேட்டார். நான் மறுபடியும் பாசிப் பாடம் நடத்தினேன். "நீங்க சொன்னாச் சரிதானுங்க" என்று துடுப்பை எடுத்துக்கொண்டார்.

அப்புறம் சில வாரம் வரவில்லை. மீன் சலித்துவிட்டதாம். என் மனைவிதான் போட்டு உடைத்தாள். "அப்பாவுக்குத் தோளத் தூக்கவே முடியலைங்க. மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடாதே அம்மணின்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

உடனே சுக்கான் பொருத்தினேன். பின்னால் இருப்பவர் காலால் மிதித்துத் திருப்புவது. கை சும்மா இருக்கும். நானே முழுதாகத் துடுப்புப் போடலாம், அவர் தூண்டிலோடு உட்கார்ந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அவருக்காகத்தான் என்று தெரிந்தால் அந்த மனிதர் படகில் ஏறவே மாட்டார். "எனக்குத் தோள் வலிங்க மாமா, அதனாலதான் மாட்டினேன். துணைக்கு வாங்க" என்று ஒரு பொய் சொன்னேன்.

வந்தார். கையில் எனக்கு ஒரு சீசா தைலம். ஏறி உட்கார்ந்ததும் என் துடுப்பையும் வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். "நீங்க காலால திருப்புனாப் போதுமுங்க. கைய அசைக்காதீங்க மாப்பிள்ளை. நான் இருக்கறனுங்க."

இந்த ஞாயிறும் அப்படித்தான் போனோம். உண்மையைச் சொன்னால் வருவதை நிறுத்திவிடுவார், சொல்லாததால் படகைத் தனியாளாக இழுக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்கிறது. எவ்வளவு காற்றடித்தாலும் படகு இப்போது கோணாமல் போகிறது. முன்னால் அவருடைய வலது தோள் ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் தயங்கி எழுகிறது. அவர் தந்த தைலம் மணக்கும் வலியில்லாத தோளோடு, நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.