புளி போட்டு விளக்கிய சதம்

இருநூறு வருஷத்துக்கு மேலாக ஒருவரும் கெடுக்காத ஒரு நாணயத்தை நான் இருபது நிமிடத்தில் கெடுத்தேன். ஆயுதம், பல்லரோச் சந்தையில் வங்காளிக் கடையில் வாங்கிய பழப்புளி.

நான் வீட்டுவேலை செய்யும் சின்யோராவுக்கு அவருடைய காலமான கணவர் விட்டுப்போனது அது. அமெரிக்கா தனி நாடான புதிதில் அடித்த பெரிய செப்புச் சதம். அபூர்வமானது என்று அவர் கடைசிவரை சொன்னாராம். துறைமுகத்தில் எவனோ தலையில் கட்டிவிட்டான் என்று மைத்துனர்மார் கடைசிவரை சிரித்தார்களாம். தன் மனுசன் ஏமாளி இல்லை என்று விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லிக் கேட்க வேண்டும், சின்யோராவுக்கு அவ்வளவுதான் ஆசை. பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து நாணயங்களுக்குத் தரம் பார்க்கும் பெரியவர் ஒருவரை வரச்சொல்லியிருந்தார்.

பெண் பார்க்க வரும்போது பிள்ளையை அழுக்குச் சட்டையோடு நிறுத்துவார்களா? சின்யோரா பூசைக்குப் போயிருந்த நேரம், நாணயத்தை உறையிலிருந்து எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். தைப்பொங்கலன்று குத்துவிளக்கு மினுங்குவதுபோல் மினுங்கியது. நிறைய வாசித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு. நாணயங்களைப் பற்றி ஒரு வரியும் வாசித்ததில்லை என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். கீழே வைத்தார்.

"இதை ஆர் கழுவினது?"

"நான்தான்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"செம்புக்கு அந்தப் பழுப்பு நிறம்தான் தோல். நீர் தோலை உரிச்சுப்போட்டீர். எழுபது புள்ளி வரைக்கும் தரம் போடுறது. இதுக்கு எண்ணே போடேலாது, 'கழுவினது' எண்டுதான் எழுதலாம். இந்த மினுக்கத்துக்குப் போன மாசம் வார்த்த போலி எண்டாலும் நம்புவாங்கள்."

சின்யோரா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என்ரை மனுசன்..."

"இது கிடந்த உறை இருக்கோ?" என்றார் பெரியவர்.

குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வரிசையில் பெர்மெஸ்ஸோவுக்காக, இந்த நாட்டில் தங்கும் அனுமதிக்காக, நின்ற எவனும் ஒரு துண்டுக் கடதாசியையும் எறியமாட்டான். அந்த மக்கிய உறை என் சட்டைப்பையில், பழைய பஸ் டிக்கெட்டுகளோடு பத்திரமாக இருந்தது. அதில் நாணயத்தை முன்பு வைத்திருந்த மூன்று பேர் மூன்று கையெழுத்தில் பெயர் எழுதியிருந்தார்கள். கடைசிப் பெயருக்குக் கீழே ஓர் ஏல எண். பெரியவர் போனில் அந்தப் பழைய ஏலப் பட்டியலைத் தேடிப் பிடித்தார். படத்திலிருந்த சதத்தின் விளிம்பில் சின்ன வெட்டு. எங்கள் சதத்திலும் அதே இடத்தில் அதே வெட்டு. அதைப் புளியால் கரைக்க முடியவில்லை.

"அசல்தான், சின்யோரா. உங்கடை மனுசன் ஏமாறேல்லை."

சின்யோரா கொஞ்சம் அழுதார். பிறகு என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"நாப்பது வருசத்திலை அந்த மனுசன் ஒரு கோப்பை கழுவினதில்லை. அவரின்ரை காசையாவது ஒருத்தர் கழுவினாரே."

விருந்தாளிக்கு வைத்திருந்த கோப்பையில் எனக்கும் கோப்பி ஊற்றினார். கோபிக்க எல்லா நியாயமும் இருந்தும் கோபிக்காதவரை நான் அதிகம் கண்டதில்லை. அந்தச் சதத்துக்குப் பழைய நிறம் திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் நன்றியோடு இருப்பதாக உத்தேசம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எங்கடை குத்துவிளக்கு மூண்டு வருசமாக் களிம்பு பிடிச்சு நிக்குது. அதையும் ஏலத்திலை விட்டாத்தான் கை வைப்பியளோ?"