ஃபோனில் மட்டும் பத்து தடவை

தாம்பரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் சுற்றுலா ஆபீஸ். மலை, பாலைவனம், கடற்கரை என்று ஏழெட்டுக் கார்கள் வரிசையாகப் போகும். பயணிகளே ஓட்டுவார்கள், முதல் காரில் எங்கள் வழிகாட்டி. அவருக்கு வழி சொல்வது நான், ஃபோனில். எந்த வளைவில் டீக்கடை, எங்கே பெட்ரோல் கிடைக்காது என்று, போய் வந்தவர்களைக் குடைந்து குடைந்து கேட்டு எழுதி வைத்திருந்தேன். திருநீர்மலையைத் தவிர நான் ஏறிய மலை கிடையாது.

நாலு வருஷம் நச்சரித்த பிறகு முதலாளி ஒருவழியாக மசிந்தார். ஜெய்சல்மேர் பயணத்தில் முதல் காரில் எனக்கு இடம்! கீழ்க்கட்டளையில் எங்கள் அபார்ட்மென்ட் முழுக்க, "எங்கம்மா ஒட்டகத்துல போகப் போறாங்க" என்று என் மகள் தம்பட்டம் அடித்தாள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அதற்கிடையில், மணாலிக்கு மேலே போன குழு பனியில் மாட்டிக்கொண்டது. வழிகாட்டிக்கே கைகால் ஓடவில்லை. "கொஞ்ச தூரம் ரிவர்ஸ்ல வாங்க. தகரக் கூரை போட்ட டீக்கடை வரும். அங்க வண்டியத் திருப்பலாம்" என்றேன். எல்லாரும் பத்திரமாக இறங்கினார்கள்.

மறுநாள் அந்தக் குழுவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். "மேடம், நீங்க எத்தனை தடவை இங்க வந்திருக்கீங்க?"

என் வாய் சும்மா இருந்தால்தானே! "ஒரு பத்து தடவை இருக்கும் சார்."

அவர் அதை எல்லாரிடமும் சொல்ல, முதலாளி ஒருபடி மேலே போய், 'எல்லா ஊருக்கும் பத்து தடவை போய் வந்தவர்' என்று விளம்பரத்திலேயே போட்டுவிட்டார். ஜெய்சல்மேருக்கு இடம் மளமளவென்று நிரம்பியது. அப்புறம் என் மேஜைக்கு வந்தார்.

"நீங்க போக வேணாம்மா. ஆறு நாள் கூடவே இருந்து கேள்வி கேப்பாங்க. ஒட்டகத்தப் பாத்து நீங்க வாயப் பொளந்தா குட்டு உடைஞ்சிடும். இன்னா பண்றது? ஃபோன்லயே இருங்க."

"அடுத்த தடவை சார்?"

"பத்து தடவை போனவங்க எப்பம்மா முதல் தடவை போறது?"

என் மேலேயே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மகளிடம் ஒட்டகத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

குழு பாலைவனத்தை அடைந்த அன்று மத்தியானம், பயணத்தில் வந்த ஒரு பெண் ஃபோன் செய்தாள். "அக்கா, கண்ணுக்கெட்டுன வரைக்கும் மணல்தான்! நீங்க முதல் தடவை பாத்தப்போ எப்படி இருந்துச்சு?"

கீழே பஸ் ஹாரன் அடித்தது. எட்டி ஜன்னலைச் சாத்தினேன்.

"அழுதுட்டேம்மா" என்றேன். குரல் உடைந்துவிட்டது.

"எனக்கும் அழுகையா வருதுக்கா" என்றாள் அவள், அவ்வளவு சந்தோஷமாக.