மம்பட்டியை மட்டும் கேட்டேன்

கேட்காமல் யாருடைய மண்ணிலும் கால் வைக்க மாட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஓட்டலில் இலை எடுத்து, ரோடு போட்டு, டைல்ஸ் ஒட்டி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து சேர்ந்தபோது மிச்சமிருந்த நல்ல பழக்கம் அது ஒன்றுதான். பழைய இரும்புக் கடையில் வாங்கிய மெட்டல் டிடெக்டர் இப்போது சோறு போடுகிறது. மண்ணில் விழுந்த கம்மல், செயின், புதைந்துபோன குழாய், எதையும் தேடிக் கொடுப்பேன். முதலில் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். குழியை மூட வேண்டும். பழைய காசோ சிலையோ தட்டுப்பட்டால் தோண்டுவதை நிறுத்தி, வில்லேஜ் ஆபீசில் சொல்லச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் யாரும் கற்றுத்தரவில்லை. திருடன் என்று ஒருமுறை போலீஸ்காரரிடம் அடி வாங்கினேன், அதில் வந்த படிப்பு.

போன ஆடியில் வலியசாலையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. பொன்முடிக்கு பைக்கில் போகும் வழியில், வித்துரா தாண்டி ஒரு தோட்டத்தில் ரம்புட்டான் பழுத்துத் தொங்கியிருக்கிறது. வேலி தாண்டிப் போய்க் கிளையை உலுக்கியதில் நிச்சயதார்த்த மோதிரம் விரலை விட்டுப் போய்விட்டது.

"ஆவணியில கல்யாணம் அண்ணா. அவ கேட்டா என்ன சொல்றது? ஆத்துல அம்மாக்குத் தெரிஞ்சா அபசகுனம்னு கல்யாணத்தையே நிறுத்திடுவா."

"இந்தத் தடவை வாசல் வழியாப் போவோம் தம்பி" என்றேன். எனக்கு அதில் பெருமை வேறு.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். "அதுக்கென்ன? நோக்கிக்கோ. குழி மூடினாப் போதும்" என்றார், பேப்பரை மடக்காமலே. கும்பிட்டுவிட்டுத் தோட்டத்தில் இறங்கினேன்.

நைட்டி மேல் பழைய சட்டையும் தலையில் துண்டுமாக ஒரு பெண் இஞ்சிப் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். "எந்தா?" என்று கேட்டாள். சேட்டனிடம் சொல்லியாயிற்று என்று வீட்டைக் கைகாட்டிவிட்டு நடந்தேன். பாத்தி ஓரத்தில் மெஷின் கத்தியது. மண் இறுகிக் கிடந்தது. என் சின்னக் கரண்டி இறங்கவில்லை. "சேச்சி, அந்த மம்பட்டியைக் கொடு" என்றேன், கூலிக்கு வந்தவளிடம் கேட்பதுபோல. கொடுத்தாள். இரண்டு வெட்டில் முளைவிட்ட இஞ்சி கொத்தாகப் பெயர்ந்து வந்தது.

"நிறுத்து. ஆரோட சோதிச்சு?"

"சேட்டன்கிட்ட கேட்டாச்சு சேச்சி."

"சேட்டன் என்னைக் கெட்டினவரு. பூமி எனக்கு அம்மை தந்தது." எங்களுக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். "அவரோட சோதிச்சா பொன்முடி மலையையும் எடுத்துக்கோன்னு பறயும். அவருக்கு எந்தா நஷ்டம்?"

வாசலில் பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்து முகத்தை மறைத்தது. ரம்புட்டான் பறித்ததையும் நிச்சயதார்த்த மோதிரம் விழுந்ததையும் சொன்னேன். சேச்சி பையன் பக்கம் திரும்பினார்.

"ரம்புட்டான் கள்ளன் இவனா? மதுரம் உண்டாயிருந்ததா?"

"நல்ல மதுரம் சேச்சி" என்றான் பையன், தரையைப் பார்த்து.

என் கையில் இன்னும் அவருடைய மம்பட்டி. அதைக் கேட்கத் தெரிந்த வாய்க்கு மண்ணைக் கேட்கத் தோன்றவில்லை. போலீஸ்காரர் அடித்தபோதுகூட எனக்கு முகம் இப்படி எரியவில்லை. அன்று நான் ஒரு தப்பும் செய்திருக்கவில்லை.

"உங்க மண்ணுல தேடலாமா சேச்சி?" என்று அப்புறம்தான் கேட்டேன்.

"இப்போ வேண்டா. மேல சவிட்டி நடந்தா இஞ்சி நாசம். மார்கழியில இஞ்சி எடுக்கும்போ வா."

"அதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சுடுமே!" என்றான் பையன்.

"அப்போ அந்தக் குட்டியோட உள்ளதைச் சொல்லு. கெட்டும் முன்னே ஒரு தடவையாவது சொல்லிப் பழகு."

பெயர்ந்த இஞ்சியை அவரே திரும்ப ஊன்றினார். நான் குழியை மூடினேன். வெட்டிய மண்ணில் மெஷினைக் கத்தவைத்தது கிடந்தது, ஒரு சோடா மூடி. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வித்துரா சந்தையில் பைக்கை நிறுத்தி, பையன் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தான். நெடுநேரம் கழித்து வந்து, "திட்டினா. அப்புறம் சிரிச்சா" என்றான். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

மார்கழியில் தனியாகப் போனேன். நாற்காலியில் இருந்தவர் தூரத்திலிருந்தே, "கேறி வா, கேறி வா" என்று கையசைத்தார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன். தோட்டத்தின் அந்தக் கோடியில் குனிந்திருந்தவர் நிமிரும்வரை நின்றேன்.

"சேச்சி, வரட்டுமா?"

"மம்பட்டி கொண்டுவந்தியா?" என்று கேட்டார்.

சின்னக் கரண்டியை உயர்த்திக் காட்டினேன். தலையசைத்தார். மோதிரம் பாத்தியிலேயே இல்லை. ரம்புட்டான் வேரடியில், விரல் ஆழத்தில் கிடைத்தது. துடைத்து அவர் கையில் வைத்தேன். திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு கை இஞ்சியோடு சேர்த்து, "அந்தக் குட்டிக்குக் கொடு" என்று நீட்டினார்.

வாங்கிக்கொள்ளும்போதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மண் ஒட்டிய கையைத்தான் பார்த்தேன்.