துரை முன்னால் ஒரு போர்த்துக்கீச வினைச்சொல்

லிஸ்பனில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நிற்க வேண்டும். கொழுந்துக் கூடையிலிருந்து தப்ப எனக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. அதற்காகத்தான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து ஞாயிறுதோறும் பதுளைக்கு பஸ் ஏறினேன். அங்கே துணிக்கடை மாடியில் போர்த்துக்கீசம் சொல்லிக்கொடுத்தவர் கடை முதலாளியின் மகன். சில வருடம் போர்த்துகலில் வேலை செய்துவிட்டு வந்தவர்.

வினைச்சொற்கள்தான் உயிரை வாங்கின. 'ஃப-ல-ரீ-அ-முஷ்' என்று ஐந்தாக உடைத்து மேசையில் தட்டுவார். "நடுவுல இருக்கிற 'ரீ'யில மட்டும் அழுத்துங்க, தங்கச்சி. மத்ததெல்லாம் சும்மா ஒட்டிக்கிட்டு வரட்டும்."

வாய்ப்பு அமைந்தால் பேசுவோம் என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாதாம். நமக்கோ எல்லா அசையும் லயத்தில் வரிசையாக ஒட்டிக்கிடக்கும் எங்கள் காம்பரா வீடுகள் மாதிரி ஒரே உயரம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து நிரையில் நின்ற அக்கா, "என்ன புள்ள, சாமி வந்திருச்சா?" என்று கேட்டாள். போகப் போக வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரி.

நேர்முகத் தேர்வும் அதே மாடியில்தான், மடிக்கணினி வழியாக. திரையில் ஹோட்டல் மேலாளரின் முகம் தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன, குரல் இறங்கிப்போனது. தோட்டத்தை நடத்தும் துரை முன்னால் நாங்கள் அப்படித்தான் நிற்போம், சொல்லின் பாதியை விழுங்கித்தான் பேசுவோம். உரக்கப் பேசினால் திமிர் என்பார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். எங்கே அழுத்த வேண்டும் என்று தெரிந்தும் என்னால் எங்கேயும் அழுத்த முடியவில்லை. மேலாளர் காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் அதே முனகல். வெட்கத்தைவிட எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த மனிதர்மீது அல்ல. என் தொண்டைமீது, அதை இப்படிப் பழக்கிவைத்த தோட்டத்தின்மீது.

அடுத்த வாரம், போர்த்துக்கீசம் சொல்லிக்கொடுத்த சேர் எனக்குப் போன் எடுத்தார். "ஹோட்டலுக்கு எடுக்கலயாம். ஆனா அந்த மேனேஜருக்குத் தெரிஞ்ச பழத்தோட்டம் ஒன்னு அங்க இருக்காம், பழம் பறிக்க ஆள் வேணுமாம். கொழுந்து எடுக்கிற புள்ளன்னு சொன்னதும் ஒடனே சரின்னுட்டாங்க. அந்த வேலைக்குப் பேசத் தேவையில்லையாம்."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. லயத்து வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாஷையெல்லாம் வேணாமாம். நல்லவேள, நம்ம புள்ளைக்குத் தெரிஞ்ச வேலதான்."