கழுத்தின் வலப்பக்கம்

பழைய துப்பறியும் சிறுகதைகளை இப்போதும் படிக்கிறேன். அவற்றில் பிணத்துக்கு நாற்றம் இருக்காது. கம்பளத்தின் மேல் ஒருவர் விழுந்து கிடப்பார், துப்பறிபவர் குனிந்து பார்ப்பார், உடனே பேச்சு தொடங்கிவிடும். தவறாகச் சந்தேகிக்கப்பட்டவனைக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் விடுவித்துவிடுவார்கள். அந்த வரி வந்தால் இப்போது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. இளம் வயதில் அதைக் கவனித்ததே இல்லை.

அப்போது கல்வராயன் மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் எனக்கு வேலை. கள்ளக்குறிச்சிக்கு இறங்கும்போதெல்லாம் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த மொழிபெயர்ப்புக் கதைகளாகப் பொறுக்கிக்கொண்டு வருவேன். பாதிக் கதையிலேயே கொலையாளியைச் சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு.

ஒரு நாள் காலை மரவள்ளிக் கொல்லையில் ஒருவர் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தார். மதியம் கீழேயிருந்து சப்-இன்ஸ்பெக்டரும் இரண்டு போலீஸ்காரர்களும் வந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பிணத்தைப் பார்த்து அறிக்கை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். கழுத்தின் வலப்பக்கம் ஒரே வெட்டு, எலும்பு வரை இறங்கியிருந்தது. தடுக்கத் தூக்கிய கையில் இரண்டு விரல்கள் இல்லை. அதில் ஒன்று செடியடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் மூளை சும்மா இருக்கவில்லை.

“சார், எதிர்ல நின்னு வெட்டினா வலதுகைக்காரன் வெட்டு இடப்பக்கம் விழணும். இது வலப்பக்கம் இருக்கு. வெட்டினவன் இடதுகைக்காரன்” என்றேன்.

சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பரவாயில்லியே வாத்தியாரே. இந்த ஊர்ல இடதுகைக்காரன் யாரு?”

ஒருவன்தான் இருந்தான். கூரை வேய்கிறவன். அவன் மகள் என்னிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள். சொன்னேன். சொன்னபோது என் குரலில் இருந்த நிதானம் எனக்கே பிடித்திருந்தது.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, அவனைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இழுத்து வந்தார்கள்.

“எந்தக் கையால வெட்டின?”

“நான் இன்னாத்துக்குங்க வெட்டறேன்? வூட்ல புல்லு கட்டிக்கினு இருந்தேங்க.”

ஒரு போலீஸ்காரர் அவன் இடது கையைப் பிடித்து பெஞ்சின் மேல் வைத்து அழுத்தினார். இன்னொருவர் லத்தியை ஓங்கினார். முதல் இரண்டு அடிக்கு அவன் கத்தினான். மூன்றாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் வெளியே நின்றிருந்த எனக்குக் கேட்டது. உள்ளே ஓடி, “போதும் சார்” என்றேன்.

“நீங்கதான சொன்னீங்க? வெளிய நில்லுங்க” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். தரையில் கிடந்தவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் வெளியே போய் நின்றேன்.

மறுநாள் காலை, செத்தவரின் தம்பி கொடுவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, போலீஸ் தங்கியிருந்த பள்ளிக்குத் தானாகவே வந்தான். ஓடைத் தண்ணீரை யார் கொல்லைக்குத் திருப்புவது என்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு.

“பின்னாடி போய் வெட்டினேங்க. திரும்பிக் கையத் தூக்கினான். இன்னொண்ணு போட்டேன்.”

கொடுவாள் அவன் வலது கையில் இருந்தது. பின்னால் இருந்து வந்தால் வலதுகைக்காரன் வெட்டும் வலப்பக்கம்தான் விழும். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொண்டவனையும் அவர்கள் பூட்ஸ் காலால் மிதித்தார்கள். அவன் வாயிலிருந்து ரத்தம் பள்ளிப் படியில் வழிந்தது.

“இன்னா வாத்தியாரே, உங்க இடதுகை இன்னா ஆச்சு?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

கூரைக்காரனையும் அவன் மனைவியையும் நான்தான் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போனேன். ஒவ்வொரு வளைவிலும் அவன் பல்லைக் கடித்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி முறிந்தது என்று கேட்டார்.

“கூரைலேர்ந்து வுழுந்துட்டேங்க” என்றான்.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

மாவுக்கட்டு போட்டு வெளியே வந்ததும் அவன் மனைவி என்னை மறித்தாள். “நீதான் சொன்னியா?”

“ஆமா. தப்பா சொல்லிட்டேன்.”

கன்னத்தில் அறைந்தாள். கண்ணாடி கீழே விழுந்தது. மறுபடி அறைந்தாள். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை.

“வுடு. பஸ்ஸு போயிடும்” என்றான் அவன். இருவரும் என்னை விட்டுவிட்டு நடந்தார்கள்.

எலும்பு கோணலாகக் கூடியது. அதன்பின் அவன் எந்தக் கூரையிலும் ஏறவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டான். நான் மாற்றல் கேட்டு, சின்னசேலம் பக்கம் கிடைத்தது. பெட்டியோடு இறங்கிய அன்று அந்தச் சிறுமி தன் வீட்டு வாசலில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள்.

“வரேம்மா” என்றேன்.

அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்பா உங்களாண்ட பேசக் கூடாதுன்னிச்சு” என்றாள்.