கதவு வைக்காத டப்பு

பாத்ரூம் வேலையில் டைல்ஸை எல்லாரும் பாராட்டுவார்கள். படுத்துக் குளிக்கிற டப்பைச் சுற்றிக் கட்டுகிற பெட்டியையும் திட்டையும் பற்றி, தண்ணீர் அடைத்துக்கொள்கிற வரைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வீட்டில் கொத்து வேலை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் குளித்த புண்ணியவான்களே, உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் விழுப்புரத்தில் டைல்ஸ் மேஸ்திரி. திண்டிவனத்தில் ராஜவேலு அண்ணன் வீட்டுக்குத் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வருகிறார், பெங்களூர்க்காரர். அவர் வீட்டு பாத்ரூமில் டப்பு இருப்பதைக் கல்யாணத்தன்றே அண்ணன் பார்த்துவிட்டார். தன் வீட்டிலும் ஒன்று இல்லாவிட்டால் சம்பந்தி முகத்தில் விழிக்க முடியாது என்று மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற கையோடு வாங்கிப் போட்டார்.

திட்டு

டப்பைச் சுற்றி நாலு அங்குலத் திட்டுக்குக் கோடு போட்டேன். அண்ணன் சம்சாரம் சரோஜா அக்கா உள்ளே போய், எண்ணெய் தேய்க்க உட்காரவைக்கும் மணையைத் தூக்கிவந்து கோட்டின்மேல் வைத்தார். என் டேப்புக்கு மரியாதை போயிற்று. மணை அகலத்துக்கே திட்டு கட்டினேன். கட்டி முடித்ததும் பாத்ரூம் கதவு பாதிதான் திறந்தது. முன்னமே எச்சரித்தேன், அதற்கு அக்கா சொன்ன பதில்:

"சோப்பு வெக்க நாலு அங்குலம் போதும் மேஸ்திரி. மாப்பிள்ளைய எங்க வெப்பீங்க?"

பெட்டி

பெட்டியில் ஒரு சின்னக் கதவு விடுவது என் வழக்கம். அடைப்பு வந்தால் அதைத் திறந்து குழாயில் கை விடலாம். நான் போட்ட பென்சில் குறியை அண்ணன் துண்டால் துடைத்தார். ரிப்பேர் வந்தால் வேண்டுமே என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. நானும் தலையாட்டித் தொலைத்தேன், முழுக்க டைல்ஸ் ஒட்டி மூடினேன். அண்ணன் கேட்ட கேள்வி அப்படி:

"தாலி கட்டறப்பவே வக்கீல் நம்பர வெச்சிக்கினு இருப்பாங்களா இன்னா?"

சீயக்காய்

தீபாவளியன்று காலை ஐந்தரைக்கு அண்ணன் போன் செய்தார். "ஜல்தி வாப்பா, பேஜாராய்ட்ச்சி." தலையில் எண்ணெயோடே வண்டியை எடுத்தேன். பாத்ரூமுக்குள் பக்கவாட்டில் நுழைந்தால், டப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. உள்ளே நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த தண்ணீர், கேப்பைக் கூழ் மாதிரி, ஒரு சொட்டு இறங்கவில்லை. இடுப்பில் துண்டும் தலையில் சீயக்காயுமாக மாப்பிள்ளை திட்டில் உட்கார்ந்திருந்தார்.

பெட்டியை உடைக்கட்டுமா என்றேன். நல்ல நாளும் அதுவுமாக வீட்டில் உளி வைக்கக் கூடாது என்றுவிட்டார் அக்கா. அண்ணனுக்குக் கண் கலங்கியது. எனக்கும் அவமானமாக இருந்தது, அந்தக் கதவுக்காக இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்க வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு சொம்பால் மொண்டு மொண்டு தோட்டத்தில் கொட்டினோம். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த மாப்பிள்ளை, மாமனார் கையிலிருந்த சொம்பை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"மாமா, எங்க வீட்டு டப்புல துணிதான் ஊற வெப்போம். ஒரு பக்கெட் தண்ணி குடுத்தீங்கன்னா நான் குளிச்சிட்றேன்."

டப்பைச் சுற்றிப் பெட்டி கட்ட ஒரு நாள் போதும், அதில் கதவு விடச் சம்மதம் வாங்கத்தான் ஒரு தீபாவளி வேண்டியிருக்கிறது.