சித்தி அட்ரஸ்

பாண்டிச்சேரியில் எங்களுக்கு ஒரு சித்தி இருக்கிறார். அம்மாவின் தங்கை. அவர் வீட்டுக்கு நாங்கள் போனதைவிட எங்கள் வீட்டுச் சாமான்கள் போனதுதான் அதிகம், அதுவும் பில்லில் மட்டும். எங்கள் முதல் கலர் டிவி, ஃப்ரிட்ஜ், என் வீட்டுக்காரரின் பைக், அத்தனையும் சித்தியின் விலாசத்தில் வாங்கியவை. பாண்டியில் வரி கம்மி என்பது விருத்தாசலத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர் பேனாவை எடுத்து, "அட்ரஸ் சொல்லுங்க" என்றதும் அம்மா கொஞ்சமும் கூச்சப்படாமல் சித்தியின் தெருவையும் வீட்டு எண்ணையும் ஒப்பிப்பாள். எங்கள் வீட்டில் அதற்கு 'சித்தி அட்ரஸ் போடறது' என்றே பெயர். சித்திக்கு இதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. அவர் ஒருத்தர் வீட்டில் இத்தனை ஃப்ரிட்ஜா என்று அரசாங்கம் மலைத்துப் போனால் அது அரசாங்கத்தின் பாடு.

ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கதை முடிந்தது. ஃப்ரிட்ஜுக்கு இங்கே என்ன வரியோ அங்கேயும் அதே வரி. பெட்ரோலும் பாட்டிலும்தான் பாண்டிக்கு இன்னும் பேர் வாங்கித் தருகின்றன. இது எனக்கு நன்றாகவே தெரியும். என் வீட்டுக்காரர் செராமிக் பொம்மை வியாபாரி. கிறிஸ்துமஸ் குடில் செட்டுதான் எங்களுக்குச் சோறு போடுவது. சூளையிலிருந்து வருகிற மாடு, ஒட்டகம், மூன்று ராஜாக்கள் எல்லாவற்றையும் வைக்கோல் சுற்றிப் பெட்டி கட்டுவது அவர் ஆட்கள். எல்லாவற்றுக்கும் பில் அடித்து வரி கட்டுவது நான். ஆகவே பின்னால் நான் செய்த காரியத்துக்கு விவரம் தெரியாது என்று தப்பித்துக்கொள்ள வழியில்லை.

எனக்கு ஒரே அக்கா. சிங்கப்பூரில் இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவிடமிருந்து வந்தது மூக்குக்கு மேல் கோபம். யாரிடமிருந்து வந்தது என்று தெரியாதது கம்ப்யூட்டர் கேம் பைத்தியம். அவள் ரயிலில் வேலைக்குப் போகும்போது ஆடுவாள். நான் பில் வேலை முடிந்த மத்தியானங்களில் அதே லேப்டாப்பில் ஆடுவேன். நாற்பது தாண்டிய பொம்பளைக்கு என்ன விளையாட்டு என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. அவர்கள் பார்க்கிற சீரியலைப் பற்றி நான் எப்போதாவது வாய் திறந்திருக்கிறேனா?

நாங்கள் இருப்பது அம்மா வாங்கிய வீடு. அம்மா பிறந்தது கம்மாபுரத்துப் பக்கம். அவள் பங்கு நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது வந்த பணத்தில் விருத்தாசலத்தில் இந்த வீட்டை வாங்கினாள். "இத யாரும் வந்து கேக்க முடியாது" என்று காய்கறிக்காரரிடம்கூடச் சொல்வாள். சுவரில் ஆணி அடிக்கவே அவளிடம் கெஞ்ச வேண்டும்.

அம்மா இறந்து முதல் வருஷப் பூசைக்கு அக்கா வந்தாள். மாதா கோயிலிலிருந்து திரும்பியதும் நேராகப் போய்த் தன் ரூம் கதவைத் திறந்தாள். உள்ளே உத்தரம் வரைக்கும் பொம்மைப் பெட்டி. அவள் கட்டில் மேல் பெட்டிக்குள் போகாத ஆட்டுக்குட்டிகள், வரிசையாகக் கதவைப் பார்த்தபடி. "அம்மா வூட்ட குடோன் ஆக்கிட்டியேடி" என்றாள். சொந்தபந்தமெல்லாம் இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "புடிக்கலன்னா சொல்லு, வித்துட்டு பாண்டிக்குப் போயிடறேன்" என்றேன்.

விற்கிற எண்ணம் எனக்கு எள்ளளவும் கிடையாது. வாய்க்கு வந்தது, சொன்னேன். அவள் சொன்னதற்கு அது சரியான பதில் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அம்மாவின் போட்டோவுக்கு நேர் எதிரே நின்று சொன்னதுதான் ஆகாமல் போனது. அக்கா மறுநாள் காலையில் ரயிலேறினாள். ஊர் போய்ச் சேர்ந்தேன் என்றுகூட ஒரு மெசேஜ் இல்லை. அப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

நானும் பேசவில்லை. அவளாக வரட்டும் என்று முறுக்கிக்கொண்டு இருந்தேன். ஆனால் ஈஸ்டருக்கு ஒரு தடவை, அவள் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, அவள் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு விரலை மேலே கொண்டுபோய்த் திரும்ப எடுத்திருக்கிறேன். அம்மாவும் இல்லை, இவளும் இல்லை என்றால் சின்ன வயசில் நான் எப்படி இருந்தேன் என்று கூடவே இருந்து பார்த்த ஆள் யாருமே இல்லை. அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போனில் அவள் பேர் வந்தது. நலமா, எப்படி இருக்கிறாய், ஒன்றும் இல்லை. ஒரு கேம் விற்கிற சைட்டின் லிங்க். கீழே, "நான் வாங்கிட்டேன். ரெண்டு பேர் சேர்ந்து ஆடறது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வா." அவ்வளவுதான். அக்கா சமாதானத்துக்கு வருவதாக இருந்தாலும் உத்தரவு போட்டுத்தான் வருவாள்.

லிங்க்கைத் திறந்தேன். ஒரு ஆறு, ஒரு படகு. இடது துடுப்பு ஒருத்தர் கையில், வலது துடுப்பு இன்னொருத்தர் கையில். ஒருத்தர் மட்டும் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும். விலை நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய். வாங்கு என்பதை அழுத்திக் கடைசிப் பக்கம் வந்தால் அது ஐந்நூற்று எண்பத்தெட்டு ரூபாய் எண்பத்திரண்டு பைசாவாக வளர்ந்து நின்றது. பின்னால் வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரருக்குக் கண் அங்கேதான் போனது.

"இது என்னா, நடுவுல ஒரு கணக்கு?"

"பதினெட்டு பர்சென்ட்டு ஜிஎஸ்டிங்க."

"பொருளே கையில வராதுன்ற. லாரி வாடக இல்ல, வைக்கோலு இல்ல, ஒடஞ்சா மாத்திக் குடுக்கற வேல இல்ல. அதுக்குப் போயி வரியா?"

"நம்ம ஒட்டகத்துக்கு நாம வரி போடலையா?"

"ஒட்டகம் கண்ணுக்குத் தெரியுது. பில்லு வேணாம்னு சொல்லிப் பாரு, கொறைப்பான்."

இது அவருடைய தொழில் சுத்தம். எந்தக் கடைக்குப் போனாலும் முதல் பேச்சு, பில் போட்டு எவ்வளவு, பில் இல்லாமல் எவ்வளவு. சைட்டின் மூலையில் 'உதவி வேண்டுமா' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் எழுதச் சொல்லி நச்சரித்தார். தலையில் அடித்துக்கொண்டு இங்கிலீஷில் எழுதினேன்: எங்களுக்கு பில் தேவையில்லை, விலையைக் குறைக்க முடியுமா? கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. கவலைப்பட வேண்டாம், பில் தவறாமல் உங்கள் மெயிலுக்கு வந்துவிடும் என்று.

"பேசறது ஆளா, மெஷினா?" என்றார்.

"மெஷினுங்க."

"அதான் பேரம் படியல."

எழுந்து போவார் என்று பார்த்தால், போகவில்லை. பக்கத்தில் மாநிலம் என்று ஒரு கட்டம் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். அதில் தமிழ்நாடு என்று இருந்தது. "சித்தி அட்ரஸ் போட்டுப் பாரேன்" என்றார் மெதுவாக. அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது, எல்லா ஊருக்கும் ஒரே வரி, மாதா மாதம் நான்தானே கட்டுகிறேன் என்று நன்றாக விளக்கினேன். விளக்கிக்கொண்டே இருக்கையில் என் கை தானாகப் போய்ப் புதுச்சேரியைத் தேடி அழுத்தியது. தெருவும் வீட்டு எண்ணும் விரலில் தயாராக இருந்தன. அம்மா பழக்கிய கை. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. இரண்டு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். வட்டம் நின்றது. அதே பதினெட்டு, அதே எண்பத்திரண்டு பைசா.

"பாண்டியும் கெட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். நான் பழைய விலாசத்தைத் திரும்பப் போடச் சோம்பல்பட்டு அப்படியே பணத்தைக் கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் பிரசங்கத்தை முடிப்பதாகவே இல்லை. வீட்டுக்கு ஓடிவந்து, கறிக்குழம்பை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். அக்கா பேருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்காக உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு இடது துடுப்பு. மைக்கை அவளும் போடவில்லை, நானும் போடவில்லை. யார் முதலில் பேசுவது என்பதில் இரண்டு பேரும் இன்னும் இறங்கி வரவில்லை. அவள் வேகமாகப் போட்டாள், நான் அதைவிட வேகமாகப் போட்டேன். படகு கரையில் முட்டியது. திரும்ப வந்து பாறையில் முட்டியது. நான் கொஞ்சம் நிறுத்தினேன், அவளும் அதே நேரம் நிறுத்தினாள். அப்புறம் எப்படியோ ஒரு தாளம் வந்தது. அவள் ஒன்று, நான் ஒன்று. படகு நேராகப் போனது. ஒரு வார்த்தை பேசாமல் அக்காவோடு ஒரே படகில் போய்க்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

திடீரென்று வலது துடுப்பு நின்றது. படகு சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் போயிருக்கும் என்று நினைத்தேன், பிறகு அது சிங்கப்பூர் என்று நினைவு வந்தது. பச்சை விளக்கும் அணைந்தது. போய்விட்டாள். நான் என்ன செய்தேன்? துடுப்புதானே போட்டேன்? இந்த முறை வாயைக்கூடத் திறக்கவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. அக்கா.

"எப்ப வித்த?" என்றாள். ஹலோ இல்லை.

"எதக்கா?"

"நடிக்காத. வூட்ட எப்ப வித்த?"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவள் விடவில்லை. "அம்மா வூட்ட வித்துட்டுப் பாண்டில போயி குந்திக்கினு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நானா பாத்துத் தெரிஞ்சிக்கணுமா? நெலம் போனப்ப அம்மா எப்படி அழுதாங்கன்னு நீ பாக்கல, நீ சின்னப் புள்ள. நான் பாத்தன்டி." குரல் பிசிறியது. அக்கா திட்டி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இது திட்டு இல்லை, அழுகை.

"யாருக்கா சொன்னாங்க உனக்கு?"

"யாரு சொல்லணும்? உம்பேருக்குக் கீழ போட்டிருக்குதே, புதுச்சேரின்னு. எனக்குக் கண்ணு தெரியாதா?"

திரையைப் பார்த்தேன். ஆமாம். என் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில், 'புதுச்சேரி, இந்தியா'. விலாசத்தை எடுத்து அந்த சைட் ஊருக்கே தண்டோரா போட்டிருந்தது.

"அக்கா, அது சித்தி அட்ரஸ்க்கா."



"என்னாது?"

"வரி கம்மியா வருமான்னு..."

"வந்துதா?"

"இல்லக்கா. அதே பதினெட்டுதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு சின்னக் களுக். பிறகு அடக்கமாட்டாமல், இருமி, மூச்சுத் திணறி, அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, அதற்கும் சிரித்தேன்.

"ஜிஎஸ்டி கட்டறவளே நீதானடி?" என்றாள்.

"உங்க மாப்பிள்ளதான்க்கா போட்டுப் பாக்கச் சொன்னாரு."

அவர் சமையலறையிலிருந்து, "பாக்கத்தான சொன்னேன்" என்று குரல் கொடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"எனக்கு இங்க ஒம்போது பர்சென்ட்டுதான் புடிச்சான்" என்றாள் அக்கா, சீண்டுகிற குரலில்.

அவர் கரண்டியோடு வெளியே வந்தார். "அப்ப அண்ணி அட்ரஸ் போட்டிருக்கலாமே."

"மொதல்ல அத மாத்து" என்று அக்கா என்னை அதட்டினாள். "நான் பாத்துக்கினே இருக்கேன்." புதுச்சேரியை எடுத்துவிட்டுத் தமிழ்நாடு போட்டேன், விருத்தாசலம் போட்டேன், எங்கள் வீட்டு எண்ணைப் போட்டேன். அங்கே அவள் திரையில் தெரிவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. "ம். வந்துடுச்சி" என்றாள். பச்சை விளக்கும் வந்தது.

திரும்பப் படகில் ஏறினோம். இந்த முறை பேசிக்கொண்டே. முதலில் பாறையைப் பற்றி, அப்புறம் சித்தியின் முட்டிவலி பற்றி.

"என் ரூமு எப்படி இருக்குது?" என்று நடுவில் கேட்டாள், படகைத் திருப்பிக்கொண்டே, பெரிதாக ஒன்றும் கேட்காதவள் மாதிரி.

"பெட்டிங்க இருக்குதுக்கா. கட்டிலு மேல ஒண்ணும் இல்ல. நீ போன அன்னிக்கே எடுத்துட்டேன்."

வலது துடுப்பு நிதானமாக இரண்டு தடவை விழுந்தது.

"டிசம்பர்ல லீவு போடலாம்னு பாக்கறேன்" என்றாள்.

"வாக்கா. கிறிஸ்துமஸுக்கு நீ வரப்ப வூடே காலியா இருக்கும். எல்லாத்தையும் வித்துடுவோம்."

வாயை விட்டுப் போன பிறகுதான் எனக்கே உறைத்தது. வலது துடுப்பு நின்றது. படகு மெல்லத் திரும்ப ஆரம்பித்தது.

"பொம்மையச் சொன்னேன்க்கா" என்றேன். "பொம்மைய மட்டுந்தான்."

"தெரியுதுடி" என்றாள். "துடுப்பப் போடு. பாற வருது."